யவனர் தேறல் எத்தகைய தேறல்?

ஆண்டுக்கு ஒருமுறையேனும் இளங்கலை மாணவர்களைக் குடுமியான்மலைக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். புதுக்கோட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவு. காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில், இசைக் கல்வெட்டின் முன் நின்றுவிடலாம். பல்லவக் கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக வெட்டப்பட்ட சுரக் கோவைகள் அவை. ருத்ராசாரியரின் மாணவனும் சிவநெறியில் நின்றவனுமாகிய ஓர் அரசன், கற்போர் நலன் கருதி இவற்றைச் செய்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. அதனை மறுக்கும் ஆய்வாளர்களும் உளர். நானும் மறுப்போர் பக்கம் சாய்ந்தவனே. ஆயினும் பாறையின் முன் நிற்கும்போது மகேந்திரன் பெயரைச் சொல்லாமல் திரும்ப முடிவதில்லை.

சென்றமுறை அப்பெயரைச் சொன்னதுமே ஒரு மாணவன், "ஐயா, குடிகாரரப் பத்தி நாடகம் எழுதுன ராஜாவா?" என்று கேட்டுவிட்டான். மத்தவிலாசப் பிரகசனத்தை அவன் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான். காஞ்சிபுரத்தில் கள்மயக்கில் திரியும் காபாலிகன் சத்தியசோமன், தன் கபால பாத்திரத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்தத் துறவி மீது பழிபோடும் அங்கத நாடகம் அது. மதுக்கடையை வேள்விச் சாலையோடு பொருத்திப் பொருத்திக் காபாலிகன் வியக்கும் இடம் ஒன்று அதில் உண்டு. அதைச் சொன்னேன், மாணவர்கள் சிரித்தனர். அத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இல்லை. சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் நின்ற மாணவி ஒருத்தி, "ஐயா, புறநானூத்துல யவனர் கொண்டுவந்த தேறல்னு படிச்சோமே, அது ஒயின்தானே? நல்ல ஒயினா, சாதாரண ஒயினா?" என்றாள்.

பதினெட்டு ஆண்டுகளாக அப்பாட்டை நடத்தி வருகிறேன். "பருகுதற்கு இனிய பானம்" என்று சொல்லி அடுத்த அடிக்குப் போய்விடுவதே என் பழக்கமாக இருந்தது. வகுப்பில் மதுவைப் பற்றி நீளப் பேசினால் முதல்வர் அறைவரை செய்தி போகும் என்ற அச்சம் ஒருபுறம். உண்மையிலேயே எனக்குத் தெரியாது என்பது மறுபுறம். அன்றும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் கேட்டது நேரான வரலாற்றுக் கேள்வி என்பது பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்லும் அந்த யவன மது எந்த ஊர்ச் சரக்கு? உரோமானியச் செல்வர் விருந்தில் பரிமாறப்பட்டதா, சத்திரங்களில் விற்ற மலிவுச் சரக்கா?

முதலில் பாட்டு. புறநானூற்றின் 56ஆம் பாட்டு, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. யவனர் தந்த தேறலைப் பொன்கலத்தில் ஏந்தி மகளிர் நாள்தோறும் ஊட்ட, நீ மகிழ்ந்திருப்பாயாக என்று வாழ்த்துகிறார். அம்மதுவுக்கு அவர் தரும் அடைகள் இரண்டே: அது குளிர்ந்தது, மணப்பது. இனிப்பு என்றோ கடுப்பு என்றோ அவர் சொல்லவில்லை. நிறமும் சொல்லவில்லை. 'கலம்' என்னும் சொல்லைப் பழைய உரைகாரர் குப்பி என்று கொண்டார். மரக்கலம் என்று கொள்வாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் மது எதில் வந்தது என்பதற்கு இன்று நம்மிடம் உரையை விட வலிய சான்று உள்ளது. உடைந்த சாடிகள்தாம் அச்சான்று.

1944ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றைத் துழாவியபோது ஒரு சாடியின் கழுத்தும் கைப்பிடியும் கையில் அகப்பட்டன. மத்தியதரைக் கடல் பகுதியின் 'ஆம்போரா' அது என்று அவர் உடனே கண்டுகொண்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்க, புதுச்சேரிப் பக்கம் என்றனர். மறு ஆண்டே அரிக்கமேட்டில் அகழாய்வு தொடங்கிற்று. கூர்ந்த அடி, நீண்ட கழுத்து, இரு காதுகள் கொண்ட இச்சாடிகள் கப்பலின் அடித்தட்டில் அடுக்குவதற்கென்றே வனையப்பட்டவை. ஒன்றில் ஏறத்தாழ 25 லிட்டர் கொள்ளும். பின்னர் காசல் அங்கே அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அகழ்ந்தனர். கரூர், அழகன்குளம், கேரளத்தில் முசிறித் துறையாகக் கருதப்படும் பட்டணம் எனப் பல இடங்களிலும் இத்தகைய ஓடுகள் கிடைத்துள்ளன.

ஓட்டைக் கொண்டு மதுவின் ஊரைச் சொல்ல முடியுமா என்று என் மாணவர்களைப் போலவே நீங்களும் கேட்கலாம். முடியும். ஒவ்வோர் ஊர்க் குயவரும் தத்தம் ஊர் மண்ணில், தத்தம் பாணியில் வனைந்தனர். சாடியின் வடிவமே அக்காலத்துச் சரக்குச் சீட்டு. அரிக்கமேட்டு ஓடுகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் கணிசமானவை ஈஜியன் கடலிலுள்ள கோஸ் தீவின் பாணியைச் சேர்ந்தவை என்று காட்டினார். இரண்டு குழாய்களை ஒட்டவைத்தாற்போன்ற இரட்டைக் கைப்பிடி அதன் அடையாளம். கோஸ் தீவில் வனைந்தவையும் உண்டு. அதைப் பார்த்து இத்தாலியில் வனைந்தவையும் உண்டு. பிற வகைகளில் சில ஒலிவ எண்ணெய்க்கும் மீன் குழம்புக்கும் உரியவை. எல்லா ஆம்போராவும் மதுச்சாடி என்று கருதிவிடக் கூடாது. நம் பாடநூல்கள் அவ்வாறே கருதுகின்றன.

சரி, கோஸ் தீவின் மது எத்தகையது? இங்கேதான் எனக்குச் சிரிப்பும் சற்று வருத்தமும் வந்தன. அது உப்பு மது. கடல்நீர் கலந்தது.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்விட்ட மூத்த பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலில் இதற்கு ஒரு கதை சொல்கிறார். கோஸ் தீவில் ஓர் அடிமை மதுவைத் திருடிவிட்டு அளவு குறையாதிருக்கக் கடல்நீரை ஊற்றி நிரப்பினானாம். அதிலிருந்தே அவ்வூர் மதுவில் தாராளமாகக் கடல்நீர் கலக்கும் வழக்கம் பிறந்ததாம். பால்காரர் கதையை நினைவூட்டும் இது எவ்வளவு உண்மையோ, ஆனால் சரக்கின் மதிப்பைக் காட்டப் போதும். பிளினிக்கு ஏறத்தாழ இருநூற்று முப்பது ஆண்டுகள் முன்னரே கேட்டோ தம் வேளாண்மை நூலில், கோஸ் மதுவை இத்தாலியிலேயே செய்துகொள்ளும் முறையை எழுதி வைத்துள்ளார். அறுவடைக்கு எழுபது நாள் முன்னர், காற்றில்லாத நாளில், ஆற்றுநீர் கலவாத ஆழ்கடலில் நீர் முகக்க வேண்டும். அதைச் சாடி மாற்றிச் சாடி மாற்றித் தெளியவைக்க வேண்டும். ஐம்பது அளவு கொள்ளும் தாழியில் பத்து அளவு அந்நீரை ஊற்றித் திராட்சையால் நிரப்ப வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு கடல்! அதே நூலின் இறுதிப் பகுதியில் பேதி மருந்து ஒன்றின் செய்முறை வருகிறது. அதில் சேர்க்கச் சொல்வதும் ஒரு சிறு கிண்ணம் கோஸ் மது.

செல்வர் விருந்தில் பேசப்பட்ட மது பலேர்னியம் போன்றவை. கோஸ் அந்த வரிசையில் வருவதன்று. அன்றாடம் குடிப்பது, கூலியாளுக்கும் படைவீரனுக்கும் கட்டுப்படியாவது என்று சொல்லத்தக்கது. இதை வைத்துக்கொண்டு பாண்டியன் ஏமாந்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொல்லுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலாவது, உப்பு வெறும் கலப்படமாக மட்டும் இருந்திருக்க முடியாது. பிளினி தரும் பயணக் கணக்கைப் பாருங்கள். அலெக்சாந்திரியாவின் புறநகரிலிருந்து நைல் வழியே கொப்டாஸ் நகருக்குப் பன்னிரண்டு நாள். அங்கிருந்து ஒட்டகத்தின்மேல் பாலைவனம் கடந்து பெரெனிகே துறைக்கு மற்றொரு பன்னிரண்டு நாள். செங்கடல் வாயிலுக்கு ஏறத்தாழ முப்பது நாள். பின்னர் தென்மேற்குப் பருவக்காற்றில் முசிறிக்கு நாற்பது நாள். கூட்டினால் தொண்ணூற்று நான்கு நாள், அதுவும் கோடையில், பாலையில். இத்தாலியிலிருந்து எகிப்துக்கு வந்த கணக்கு இதில் சேராது. மென்மையான உயர்சாதி மது அந்த வெப்பத்தில் காடியாகி இறங்கியிருக்கும் வாய்ப்பே மிகுதி. உப்பு சேர்ந்த மது தாக்குப்பிடித்திருக்கும். நெடும்பயணத்திற்கு நாமும் மாங்காயைக் கொண்டுபோவதில்லை, ஊறுகாயைத்தானே கொண்டுபோகிறோம்? இது என் ஊகம். ஆனால் வணிகன் இதை அறியாதிருந்தான் என்று நம்ப முடியவில்லை.

இரண்டாவது, அரிக்கமேட்டிலும் பட்டணத்திலும் வேறொரு வகை ஓடும் கிடைத்திருக்கிறது. உடைத்துப் பார்த்தால் மண்ணில் கரிய மணல் மின்னும். எரிமலை மணல் அது. நேப்பிள்ஸ் விரிகுடாவைச் சூழ்ந்த கம்பானியா நாட்டுச் சாடிகளின் அடையாளம். அதாவது வெசூவியஸின் அடிவாரத்து மது தமிழகக் கரைக்கு வந்திருக்கிறது. கம்பானியா என்றதும் பலேர்னியம் நினைவுக்கு வந்து நம்மவர் மகிழ்ந்துவிடுவர். அதுவும் அந்நாட்டின் வடபகுதியில் விளைந்ததே. ஆனால் அதே கம்பானியாவில்தான் பொம்பெயும் இருந்தது. பொம்பெய் மதுவைப் பற்றிப் பிளினி எழுதியிருப்பது சுவையானது: பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்து பயனில்லை, குடித்தவனுக்கு மறுநாள் நண்பகல் வரை தலைவலி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட மலிவு மது மதிப்புரை என்றே இதைச் சொல்லலாம். கரிமணல் சாடி ஒன்று பொம்பெயினுடையதா அதன் அண்டை ஊரினுடையதா என்று ஓட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட இயலாது.

மூன்றாவது, எழுத்துச் சான்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமியோ வணிகனோ எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' முசிறிக்கு இறக்குமதியாகும் பொருள்களைப் பட்டியலிடுகிறது. முதலிடம் காசுகளுக்கு. பவளம், கண்ணாடி, செம்பு, தகரம், ஈயம் எல்லாம் வந்தபின் மது வருகிறது, 'மிகுதியாக அன்று' என்ற குறிப்போடு. குசராத்தின் பரிகாசா (இன்றைய பரூச்) துறைக்கு வரும் மதுவை இத்தாலிய மது, லவோதிக்கேயா மது, அரேபிய மது எனப் பிரிக்கும் அதே நூல், அவ்வூர் அரசனுக்கென வெள்ளிக் கலங்கள், பாடும் சிறுவர்கள், அழகிய பெண்கள் ஆகியோரோடு உயர்ந்த மதுவும் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறது. ஆக, சந்தைக்கு ஒரு சரக்கு, அரண்மனைக்கு ஒரு சரக்கு என்ற வேறுபாட்டை அவ்வணிகர் அறிந்திருந்தனர். நன்மாறனின் பொன்கலத்தில் எது ஊற்றப்பட்டது? உயர்ந்ததே ஊற்றப்பட்டது என்று வாதிட இச்சான்று இடம் தருகிறது. ஆனால் மண்ணுக்குள்ளிருந்து வந்த ஓடுகளோ பொதுச் சரக்கைத்தான் மிகுதியும் காட்டுகின்றன. பெரெனிகேயில் கிடைத்த முதல் நூற்றாண்டு ஓட்டுச் சீட்டுகளும், சுங்கச் சாவடியைக் கடக்க எழுதித் தந்த அனுமதிகள், பெரும்பாலும் மதுவைப் பற்றியவையே. அவற்றில் இத்தாலிய மதுவின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றுள் ஒரு பகுதி கப்பலோட்டிகளே வழியில் குடிப்பதற்கு என்று கருதவும் இடமுண்டு. மாலுமி குடித்து எஞ்சியதே மன்னனுக்கு வந்தது என்று சொன்னால் நம் மேடைப் பேச்சாளர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்!

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இந்தியக் கடற்கரையில் உரோமானிய ஆம்போரா என்று அறிவிக்கப்பட்டவற்றைப் பலகாலம் நேரில் பார்த்து வந்த ராபர்ட்டா டாம்பர், அவற்றுள் பல உரோமானியவையே அல்ல, மெசபொத்தேமியாவிலிருந்து வந்த, உட்புறம் நிலக்கீல் பூசிய 'டார்பீடோ' சாடிகள் என்று 2007இல் எழுதினார். ஓடு கிடைத்தவுடன் உரோம் என்று செய்தி கொடுக்கும் அவசரம் நமக்குக் குறைய வேண்டும்.

எங்கள் மாவட்டத்திற்கு வருகிறேன். 1898இல் ஆலங்குடி வட்டத்தின் கறுக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் ஒருசேரக் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. நாணயமாக இனிச் செல்லாது, வெறும் பொன்னாகவே கொள்க என்பதற்காக வெட்டப்பட்டிருக்கலாம் என்பர். எனக்கு அந்த வெட்டு பிடிக்கும். யவனன் கொண்டுவந்தது எதுவாயினும் மயங்கி வாங்கிக்கொண்ட மக்கள் என்னும் சித்திரத்திற்கு அது பொருந்தவில்லை. அவன் பேரரசனின் முகத்தைக் கீறி, நிறுத்துப் பார்த்துப் பொன்னை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள், அவன் மதுவையும் தம் நாவாலேயே மதிப்பிட்டிருப்பர். மிளகுக்கு ஈடாக வந்தது முதன்மையாகப் பொன்னும் வெள்ளியும். மது அதன் ஓரத்தில் வந்த சரக்கு. இத்தாலியில் மலிவாக விற்றது தொண்ணூறு நாள் கடந்து இங்கே இறங்கும்போது அரிதாகிவிடுகிறது. நக்கீரனார் பாடியது அந்த அருமையை என்று கொண்டால் பாட்டும் பொய்க்கவில்லை, ஓடும் பொய்க்கவில்லை.

இவ்வளவும் படித்தபின் அதைச் சுவைத்துப் பார்க்காமல் எழுதுவது முறையன்று என்று தோன்றிற்று. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் சொன்னதும் என்னைவிட அவர் உற்சாகமானார். அரசு மதுக்கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த சிவப்பு ஒயின்கள் இரண்டு வாங்கினோம். (வாங்கப் போனவர் அவர்தான். நான் தெருமுனையில் நின்றேன். வரிசையில் என் பழைய மாணவன் எவனேனும் நின்றால் வணக்கம் சொல்லிவிடுவானே!) ஒன்று இனிப்பு மிகுந்தது, 'போர்ட்' என்ற பெயரில் நம் நாட்டில் பெருவழக்காக விற்கும் வகை. மற்றது இனிப்பற்றது.

முதலில் கலப்பில்லாமல் குடித்துப் பார்த்தோம். இனிப்பானது இருமல் மருந்தை நினைவூட்டிற்று; அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. இனிப்பற்றது முதல் மடக்கில் நாவை இழுத்துப் பிடித்தது. பச்சை நாவற்பழத்தைக் கடித்தாற்போன்ற துவர்ப்பு, பின்னால் ஒரு புளிப்பு, தொண்டையில் சற்றே கசப்பு. மணம் குறைவு. மோசமில்லை, ஆயினும் இரண்டாவது மடக்குக்குக் கை தானாக நீளவில்லை.

பின்னர் கேட்டோவின் கணக்கு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஆழ்கடலுக்குப் படகெடுத்துச் செல்ல வழியில்லாததால் நூறு மில்லி நீரில் மூன்றரை கிராம் கல்லுப்பைக் கரைத்து, நானூறு மில்லி ஒயினில் கலந்தார் ஆசிரியர். கேட்டோ சொன்னது புளிப்பேறுமுன் திராட்சையோடு சேர்ப்பது. நாங்கள் செய்தது ஆறிய மதுவில் கலந்தது. வேறுபாடு உண்டென அறிவோம். கலவையின் உப்பு மோரில் நாம் போடும் அளவை ஒட்டியிருந்தது. சாடியின் உட்புறம் பிசின் பூசும் வழக்கம் யவனரிடம் இருந்ததால், ஒரு புது மண்கலயத்தைக் கவிழ்த்துக் குங்கிலியப் புகை பிடித்து, அதில் ஊற்றி ஈரத்துணி சுற்றிக் கிணற்றடி நிழலில் ஓர் இரவு வைத்தோம். பைன்மரப் பிசின் நம்மிடம் இல்லை; மணத்தில் அதற்கு நெருங்கியது குங்கிலியம் என்பது அவர் கணிப்பு. புகை உள்ளே பரவியதும் அம்மா பூசையறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?" என்றார்கள். வியாழன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மாலை கலயத்தைத் திறந்தபோது முதலில் வந்தது மணம். ஒயின் மணமன்று, கோயில் கருவறையை நினைவூட்டும் பிசின் மணம், அதன் அடியில் பழத்தின் புளிப்பு. மண்கலயம் நன்றாகவே குளிர வைத்திருந்தது. குளிர்ச்சி, மணம். நக்கீரனார் கொடுத்த இரண்டு அடைகளும் நாவுக்கு முன்னால் மூக்கிலும் கையிலும் வந்து நின்றன. சற்று நேரம் இருவரும் பேசவில்லை. இது சான்றாகாது என்பதை நான் அறிவேன். மண்கலயத்தில் எதை வைத்தாலும் குளிரும். குங்கிலியம் எதிலிட்டாலும் மணக்கும்.

சுவை? எதிர்பார்த்ததற்கு மாறாக முதல் மடக்கு முந்தைய நாளைவிட நன்றாக இருந்தது. உப்பு கசப்பை அடக்கும் என்று ஆசிரியர் விளக்கினார், துவர்ப்பும் மழுங்கியிருந்தது. மலிவு ஒயினின் முரட்டுத்தனத்தைச் சற்று மறைக்க உப்பு உதவியது உண்மை. அடிமையின் திருட்டு ஏன் ஒரு தீவின் வழக்கமாயிற்று என்பது அப்போது எனக்குப் புரிந்தது. ஆனால் மூன்றாவது மடக்கில் கடல் மேலே வந்தது. அதன்பின் தாகம். "தம்பி, இது ரசமும் இல்ல, மதுவும் இல்ல. அந்த ராசா பொன்கிண்ணத்துல குடிச்சாரு, அதான் உள்ள போயிருக்கு" என்று ஆசிரியர் கலயத்தைக் கீழே வைத்தார். மறுநாள் நண்பகல் வரை எனக்குத் தலைவலி இல்லை. பிளினியின் மதிப்புரை எங்கள் ஒயினுக்குப் பொருந்தவில்லை.

சுவைத்ததை அன்றிரவே எழுதி வைக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் வேறொரு குறை தெரிந்தது. துவர்ப்பு, புளிப்பு, கசப்பு என்ற அறுசுவைச் சொற்களைத் தாண்டி எழுதச் சொல் வரவில்லை. தமிழில் முதுகலை படித்தவனுக்கு ஒரு கோப்பை மதுவை வருணிக்கச் சொல் இல்லையா? இருந்திருக்கிறது, இழந்திருக்கிறோம். நம் சங்கப் புலவர் யவனர் மதுவுக்கு ஒதுக்கியது இரண்டு அடை. உள்ளூர் மதுவுக்கு ஒதுக்கியதோ ஒரு சொற்களஞ்சியம்: கள், நறவு, பிழி, அரியல், மட்டு, தோப்பி, தேறல். ஒவ்வொன்றும் ஒரு வகை, அல்லது ஒரு நிலை. தெளிந்தது தேறல். பிழிந்து வடித்தது பிழி. தேனை மூங்கிற் குழாயில் அடைத்து முதிரவைத்ததை மலைபடுகடாம் பேசும். நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதற்கு ஒப்பிட்டார் ஔவையார். பாம்பின் சீற்றத்திற்கு ஒப்பிட்டது சிறுபாணாற்றுப்படை. இவற்றைச் சுவைக் குறிப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? முதல் மடக்கில் ஏறுவது வேறு, சற்றுப் பொறுத்து ஏறுவது வேறு என்பது வரை அவ்வுவமைகளில் இருக்கிறது. தேளின் கடுப்பு கொட்டியபின் ஏறிக்கொண்டே போவதல்லவா?

இவற்றுள் எனக்கு மிகவும் வியப்பளிப்பது பெரும்பாணாற்றுப்படையில் வரும் அரிசி மதுவின் செய்முறை. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் உலரவைத்து ஆற்றி, முளைகட்டிய நெல்லின் இடியைக் கலந்து, வாய் வலிய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, விரலால் அலைத்து வடிக்கிறார்கள். கேட்டோவின் செய்முறைக்கு எவ்வகையிலும் குறையாத துல்லியம். முளைநெல் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் என்ற வேதியியலை அப்பாட்டின் மகளிர் கைப்பழக்கமாக அறிந்திருந்தனர் என்று ஆசிரியர் மெய்சிலிர்த்தார். அங்கே வரும் ஒரு சொல் 'வழைச்சு'. சரியாக முதிராத மதுவில் நாவில் தட்டும் பச்சைத்தன்மை அது. அது நீங்கும்வரை சாடியில் இருக்க வேண்டும் என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். என் இனிப்பற்ற மலிவு ஒயினில் முதல் நாள் நான் கண்டதும், பெயர் சொல்லத் தெரியாமல் 'பச்சை நாவற்பழம்' என்று எழுதியதும் அந்த வழைச்சைத்தான். அதே நூலில் மற்றோரிடத்தில் தோப்பி என்னும் நெல்மதுவை வீட்டிலேயே சமைப்பது பேசப்படுகிறது. அரண்மனைக்கு யவனச் சாடி என்றால் குடிசைக்கு இல்லத்துத் தோப்பி. அதை எவரும் வியந்து வாழ்த்தவில்லை, அன்றாடம் என்பதால்.

இச்சொற்கள் ஏன் மறைந்தன என்பது தனிக் கட்டுரைக்குரியது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த குறளையும் சமண பௌத்த அறநூல்களையும் மட்டும் காரணமாக்குவது எளிது. ஆனால் அதன்பின்னும் பல நூற்றாண்டு மக்கள் குடித்துக்கொண்டுதானே இருந்தனர்? குடிப்பது நின்றுவிடவில்லை, அதைப் பற்றி மதிப்போடு பேசுவது நின்றது என்றே எனக்குத் தோன்றுகிறது. குடியால் அழிந்த வீடுகளை என் தெருவிலேயே எண்ணிக் காட்ட முடியும் என்பதால் இதை எழுதும்போது எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் தேறலைப் 'பானம்' ஆக்கியதால் எந்த வீடும் பிழைத்ததாக நான் அறியவில்லை.

அடுத்த பருவத்தில் அந்த மாணவியின் வகுப்புக்கே மீண்டும் 56ஆம் பாட்டை எடுத்தேன். கோஸ் தீவு, அடிமை, கடல்நீர், கரிமணல், பெரிப்ளஸின் 'மிகுதியாக அன்று' எல்லாவற்றையும் சொன்னேன். (சோதனையைச் சொல்லவில்லை.) நல்ல ஒயினா சாதாரண ஒயினா என்றால், சந்தைக்கு வந்தது சாதாரணம், அரசனுக்கு வந்தது சற்று மேலாக இருந்திருக்கலாம், ஆனால் உறுதி இல்லை என்றேன். "அப்ப நம்ம தோப்பி எப்படி இருந்திருக்கும் ஐயா?" என்றாள் அவள்.

அதற்கு விடை சொல்ல இயலவில்லை. ஆசிரியர் செய்முறையை முழுவதும் எழுதி, முளைநெல் எவ்வளவு, அரிசி எவ்வளவு என்று கணக்கிட்டே வைத்திருந்தார். ஆனால் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தமிழ்நாட்டில் வீட்டில் மது வடிப்பது குற்றம். 1987 முதல் கள் இறக்கவும் தடை. யவனன் கொண்டுவந்ததற்கு நிகரான திராட்சை மதுவைக் கடைத்தெருவில் வாங்கிவந்து உப்புக் கலந்து சோதிக்க முடிந்தது. இரண்டு பகல், இரண்டு இரவு வேலையான தோப்பியின் கணக்கு ஆசிரியரின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது.